வெட்டினால்தான் வசந்தம்

குளிர்காலம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஹைதராபாதில் திராட்சைக் கொடியைத் தூங்க வைப்பதும் எழுப்புவதும் கத்தரிதான். அந்தக் கத்தரி பிடிக்கும் கைகளும், கொடி படரும் நிலமும் இப்போது குறைந்துவருகின்றன.

ஏப்ரல் முதல் வாரம். காலை எட்டு மணிக்கே வெயில் உறைக்கத் தொடங்கிவிடுகிறது. ஹைதராபாதின் புறநகரில் இன்னும் மிச்சமிருக்கும் திராட்சைத் தோட்டங்களில் ஒன்றுக்குள் இந்த நேரத்தில் நுழைபவருக்கு முதலில் மனம் பதறும். சில வாரங்களுக்கு முன்புவரை வெயில் தரையில் விழாதபடி பச்சைக் கூரை போட்டிருந்த பந்தலில் இன்று வானம் தெரிகிறது. தரையெங்கும் வாடிய இலைகள். முழ நீளத்துக்கும் கை நீளத்துக்கும் குச்சிகள். பந்தலில் எஞ்சியிருப்பவை தடித்த பழங்கிளைகளும், அவற்றின்மேல் ஒன்றிரண்டு கணுக்கள் மட்டும் விட்டு நறுக்கப்பட்ட குட்டைக் குச்சிகளும்தான். தோட்டத்தை அழித்துவிட்டார்கள் என்றே நினைக்கத் தோன்றும். உண்மையில் அடுத்த பிப்ரவரியில் வரப்போகும் அறுவடைக்கு அன்றுதான் பிள்ளையார் சுழி போடப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டு விவசாயிகள் இதைக் கவாத்து என்பார்கள். தெலுங்கில் கத்திரிம்பு. உகாதிப் பச்சடிக்கு வேப்பம்பூ பறிக்கும் நாட்களும் திராட்சைத் தோட்டங்களில் கத்தரிச் சத்தம் கேட்கும் நாட்களும் இங்கே ஏறத்தாழ ஒன்றுதான். ஊரெல்லாம் புதுத் தளிரைக் கொண்டாடும் வேளையில், இந்தக் கொடியை மட்டும் மொட்டையடிக்கிறார்கள்.

காரணம் எளியது. திராட்சை குளிர் நாட்டுக் கொடி. ஐரோப்பாவிலோ காஷ்மீரிலோ இலையுதிர் காலம் வந்ததும் அது தானாக இலையை உதிர்த்துவிட்டு, பனிக்காலம் முழுக்கத் தூங்கும். தோட்டக்காரர் குளிர் முடியும் தறுவாயில் வந்து வெட்டுவார். சில வாரங்களில் வசந்தம் வரும். வெட்டிய இடத்துக்குக் கீழே மொட்டு விழிக்கும். ஹைதராபாதில் அந்தத் தூக்கத்துக்கு வழியே இல்லை. கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயரத்தில், தக்காணத்துப் பாறைகளின்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 14, 15 டிகிரி வரை இறங்கும்; அவ்வளவுதான். கொடி தூங்குவதற்கு இது போதாது. விட்டால் அது ஆண்டு முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் காய்க்காது.

ஏன் காய்க்காது? திராட்சைக் குலை வருவது பழைய தடித்த கட்டையில் அல்ல. போன பருவத்தில் வளர்ந்து முற்றிய குச்சியின் கணுவிலிருந்து இந்தப் பருவத்தில் கிளம்பும் புதுத் தளிரில்தான் குலை தொங்கும். எந்தக் கொடிக்கும் நுனியை நோக்கி ஓடும் குணம் உண்டு. நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற பொருள் கீழே இருக்கும் மொட்டுகளை விழிக்கவிடாமல் அடக்கிவைக்கிறது. வெட்டாத கொடி நுனியிலேயே தழைத்து, அடிப்பகுதி மொட்டையாகி, சில ஆண்டுகளில் வெறும் நிழல் பந்தலாக முடிந்துவிடும். நுனியை நறுக்கினால் அடக்குமுறை முடிகிறது. கீழே தூங்கும் மொட்டுகளுக்கு விடுதலை.

இப்படி வெட்டும் கலையில் இந்தியாவே மூன்று கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. டெல்லி, பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் குளிர் உண்டு என்பதால் கொடி இலையுதிர்த்துத் தூங்கும். அங்கே ஜனவரி வாக்கில் ஒரே வெட்டு. மார்ச் தொடக்கத்தில் மொட்டு விரியும். ஜூனில் மழை வருவதற்குள் பழத்தைப் பறித்தாக வேண்டும். ஒரு வெட்டு, ஒரு அறுவடை. தெற்கே தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் நிலைமை தலைகீழ். மேற்குத் தொடர்ச்சி மலையின் அணைப்பில் வெயிலும் அதிகம் சுடாது, குளிரும் அதிகம் கடிக்காது. எப்போது வெட்டினாலும் பன்னீர் திராட்சை காய்க்கும். வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் கைக்கு வந்துவிடும். ஒருவர் தோட்டத்தில் அறுவடை நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து நடக்கும். இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை பார்க்கும் விவசாயிகளும் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் சந்தையில் கிடைக்கும் ரகசியம் இதுதான்.

ஹைதராபாத் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஊர். இங்கே இரண்டு வெட்டு, அறுவடையோ ஒன்று. ஏப்ரலில் வெட்டினால் தளிருடன் சில பூங்கொத்துகளும் எட்டிப் பார்க்கும். ஆசைப்பட்டு அவற்றை விட்டுவைத்தால் பழம் ஜூலை, ஆகஸ்டில் கொட்டும் மழையில் கனியும், வெடித்து அழுகும். ஆகவே அவற்றை இரக்கமில்லாமல் கிள்ளி எறிகிறார்கள். ஏப்ரல் வெட்டு பழத்துக்கான வெட்டு அல்ல; பழம் தரப்போகும் குச்சியை வளர்ப்பதற்கான வெட்டு. அந்தக் குச்சியை அக்டோபரில் மறுபடி நறுக்கும்போதுதான் குலை வெளியே வரும். நாசிக், பிஜாப்பூர் வட்டாரங்களிலும் இதே கணக்குதான்.

முதல் வெட்டுக்கும் இரண்டாவது வெட்டுக்கும் இடையிலான ஆறு மாதத்தில்தான் விவசாயியின் தலையெழுத்து எழுதப்படுகிறது. அதுவும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து. ஏப்ரல் கவாத்து முடிந்து ஏறத்தாழ 40 முதல் 60 நாட்களுக்குள், புதுத் தளிரின் கணுக்களில் இருக்கும் கடுகளவு மொட்டுகளுக்குள்ளே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது: இந்த மொட்டு குலையாகுமா, வெறும் பற்றுக்கம்பியாகுமா? பற்றுக்கம்பியும் பூங்கொத்தும் ஒரே கருவிலிருந்து பிறக்கும் சகோதரர்கள். வெயில் நன்றாக விழுந்து, நிழல் குறைந்து, தண்ணீரும் தழைச்சத்தும் அளவோடு இருந்தால் அது குலையாகும். இலை அடர்ந்து இருட்டாகிவிட்டாலோ, யூரியாவை அள்ளிக் கொட்டிக் கொடி கொழுத்துவிட்டாலோ கம்பிதான் மிஞ்சும். அதனால்தான் மே மாதத்தில் தோட்டக்காரர்கள் தளிர்களை எண்ணி எண்ணிக் களைகிறார்கள்; நுனியைக் கிள்ளுகிறார்கள்; பாசனத்தை இழுத்துப் பிடிக்கிறார்கள்.

மழைக்காலத்தில் பச்சைக் குச்சி பழுப்பாகி முற்ற வேண்டும். பிறகு அக்டோபர். எந்தக் கணுவில் வெட்டுவது என்பதுதான் அப்போது கேள்வி. எல்லாக் கணுவிலும் குலை கருக்கொண்டிருக்காது. அடிக்கணுக்களில் பலனில்லை என்றால் சற்று நீளமாக விட்டு வெட்ட வேண்டும். தேவைக்கு மேல் நீளம் விட்டால் நுனி மட்டும் விழித்து மற்றவை உறங்கிவிடும். ரகத்துக்கு ரகம், தோட்டத்துக்குத் தோட்டம், ஆண்டுக்கு ஆண்டு இது மாறும். கவாத்துக்கு முன்னால் சில குச்சிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, மொட்டைப் பிளந்து நுண்ணோக்கியில் பார்த்து, எந்தக் கணுவில் குலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வெட்டுபவர்கள் இப்போது உண்டு. முன்பெல்லாம் அனுபவசாலியின் விரல்கள்தான் நுண்ணோக்கி. குச்சியின் பருமனையும் நிறத்தையும், கணுவின் திரட்சியையும் தடவிப் பார்த்து இடம் சொல்வார்கள்.

வெட்டியபின் இன்னொரு வேலையும் இருக்கிறது. வராத குளிருக்குப் பதிலாக ஒரு ரசாயனம். ஹைட்ரஜன் சயனமைடு கரைசலை வெட்டிய ஓரிரு நாளுக்குள் மொட்டுகளில் துணியாலோ பஞ்சாலோ தொட்டு வைத்தால் அவை ஒரே சீராக விழிக்கும். இது கடுமையான நஞ்சு. கையுறையும் முகக் காப்பும் இல்லாமல் தொடக் கூடாது. இன்னொரு விபரீதமும் உண்டு: இந்த வேலை செய்பவர் அதற்கு முன்னும் பின்னும் மது அருந்தியிருந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டும். உடம்பு மதுவைச் சிதைக்கும் வழியை இந்தப் பொருள் அடைத்துவிடுவதே காரணம். மாலையில் கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்கும் பழக்கம் உள்ள கூலித்தொழிலாளிக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும். சொல்லாத தோட்டங்களில் விலை கொடுப்பது அவருடைய உடம்பு.

நாளும் தப்பக் கூடாது. செப்டம்பரிலேயே அவசரப்பட்டு வெட்டினால், விரியும் தளிர்மீது பின்மழை விழும். அடிச்சாம்பல் நோய் ஓரிரு நாளில் பூங்கொத்துகளைக் கருக்கிவிடும். நவம்பர்வரை தள்ளிப்போட்டால் இரவுக் குளிரில் மொட்டுகள் மந்தமாக விழித்து, பழம் ஏப்ரலுக்குப் போய்விடும். அதற்குள் பங்கனபள்ளி மாம்பழம் சந்தைக்கு வந்துவிட்டால் திராட்சையை யார் சீந்துவார்கள்? இரண்டு வாரம் முன்பின் ஆனாலும் ஓராண்டு உழைப்பும், அதற்காக வாங்கிய கடனும் தொங்கலில் நிற்கும்.

இவ்வளவு சிக்கலான கொடி இந்த ஊருக்கு எப்படி வந்தது? தெற்கே திராட்சைக்கு இரண்டு வாசல்கள். 1832 வாக்கில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் மதுரைப் பக்கம் கொண்டுவந்தது ஒன்று. நிஜாம் ஆட்சிக்கால ஹைதராபாத் மற்றொன்று. சுமார் 1890இல் அப்துல் பாகர் கான் என்பவர் ஹைதராபாதில் ஒரு வெள்ளை ரகத்தைக் கொண்டுவந்து நட்டார். நீண்ட காய், மெல்லிய பொன்னிறம், நிறையச் சாறு, உள்ளே விதை. ‘அனாப்-ஏ-ஷாஹி’ என்று பெயர். ‘அரசத் திராட்சை’ என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி அரண்மனைத் தோட்டங்களிலும் நவாபுகளின் மாளிகைகளிலும் வளர்ந்த கொடி, பின்னர் ஹைதராபாதைச் சுற்றிய செம்மண் நிலங்களில் பந்தல் பந்தலாகப் பரவியது. தென்னிந்தியாவெங்கும் போய்ச் சேர்ந்தது. கொத்துக் கொத்தாக அது தந்த விளைச்சல் திராட்சை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அதே காலத்தில் உலகின் மறுகோடியில் நடந்த ஒரு சம்பவமும் இந்தக் கதையோடு சேர்ந்தது. பிரான்சின் போர்தோ வட்டாரத்தில், வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்துவைத்திருந்தார்கள். மற்றக் கொடிகளெல்லாம் அடிச்சாம்பல் நோயில் வாட, அந்தச் சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றதைத் தாவரவியல் பேராசிரியர் மிலார்தே கவனித்தார். 1885இல் அவர் உலகுக்குச் சொன்ன அந்தக் கலவைதான் போர்டோ கலவை. இன்றும் ஹைதராபாதில் தடித்த கிளையை வெட்டினால் அந்தக் காயத்தில் பூசுவது அதன் பசையைத்தான்.

அரசத் திராட்சையின் ஆட்சிக்கு முதல் சவால் விதையில்லாத் திராட்சை வடிவில் வந்தது. தாம்சன் சீட்லெஸ், அதிலிருந்து பிறந்த தாஸ்-ஏ-கணேஷ் ஆகிய ரகங்கள் இனிப்பில் விஞ்சின. உலர்த்தினால் திராட்சை வற்றலும் ஆயின. கப்பலேறி வெளிநாடும் போயின. அனாப்-ஏ-ஷாஹியில் சாறு அதிகம், சர்க்கரை குறைவு; வற்றலுக்கு உதவாது. மகாராஷ்டிரம் முன்னே ஓடியது. இன்று இந்தியத் திராட்சையில் பெரும் பகுதி அங்கிருந்துதான் வருகிறது. தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையமும் 1997இல் புனேயில்தான் அமைந்தது.

இரண்டாவது சவாலுக்குக் கத்தரியால் பதில் சொல்ல முடியவில்லை. ஹைதராபாத் நகரமே கொடியைப் போல நுனியை நோக்கி ஓடத் தொடங்கியது. 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது. 2008இல் ஷம்ஷாபாத் விமான நிலையம் வந்தது. நகரைச் சுற்றி 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வளைந்தது. திராட்சை விளைந்த அதே ரங்காரெட்டி மாவட்ட நிலங்கள்தான் வீட்டுமனைகளாகவும் பண்ணை வீடுகளாகவும் மாறின. ஆழ்குழாய்க் கிணறுகள் மேலும் மேலும் ஆழம் போயின. கூலியாட்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். ஒரு ஏக்கர் திராட்சை வாழ்நாள் முழுக்கத் தரக்கூடியதை ஒரே கையெழுத்தில் தரும் மனை வியாபாரியிடம் எந்த விவசாயி எத்தனை நாள் மறுத்துக்கொண்டிருப்பார்?

நிலம் போனால் இன்னொரு நிலம் வாங்கலாம். கவாத்துக் கை அப்படி வருவதல்ல. எந்தக் கணுவில் வெட்டுவது, எந்தக் குச்சியை விடுவது என்ற அறிவு ஏட்டில் பாதிதான் இருக்கிறது. மீதி, ஏப்ரல் வெயிலில் பந்தலின் கீழ் அண்ணாந்து நின்று கழுத்து வலித்தவர்களிடம் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறைதான் பயிற்சி. ஒரு தவறு செய்தால் அதன் விளைவைப் பார்க்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நான்கைந்து ஆண்டு கூடவே இருந்து பார்க்காமல் யாருக்கும் இது படியாது. தோட்டம் விற்கப்படும்போது பத்திரத்தில் இந்தப் பாடம் எழுதப்படுவதில்லை.

முற்றிலும் நம்பிக்கை இழக்கவும் தேவையில்லை. ராஜேந்திர நகரில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2014இல் தெலங்கானா தனி மாநிலமான பின் தோன்றிய கொண்டா லக்ஷ்மண் தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் அது இயங்குகிறது. பல ரகக் கொடிகள் அங்கே ஆண்டுதோறும் முறை தவறாமல் வெட்டப்பட்டுக் காய்க்கின்றன. அறுவடைக் காலத்தில் பொதுமக்களை உள்ளே விட்டுப் பழத்தைப் பறித்து வாங்கிக்கொள்ளச் சொல்லும் வழக்கமும் வந்திருக்கிறது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும் நகரத்துக் குடும்பங்கள், திராட்சை தள்ளுவண்டியில் காய்ப்பதில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகின்றன.

பழைய ஹைதராபாத் வீடுகளில் முற்றத்தின்மேல் ஒரு திராட்சைப் பந்தல் இருப்பது சாதாரணம். இப்போது மொட்டை மாடித் தொட்டியில் ஒரு கொடியை வைத்துவிட்டு, ‘இலையாக வருகிறது, காயே இல்லை’ என்று அங்கலாய்ப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் கொடியின்மேல் குற்றமில்லை. ஆசை ஆசையாக வளர்த்ததை வெட்ட மனம் வராததுதான் குற்றம்.

எதை, எப்போது?

வீட்டுத் தோட்டத்தில் கத்தரியை எடுக்கும்முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இந்தச் செடி புதுத் தளிரில் பூக்கிறதா, முற்றிய பழைய கிளையில் பூக்கிறதா?

புதுத் தளிரில் பூப்பவற்றை, பூக்கும் பருவத்துக்கு முன்னால் தைரியமாக வெட்டலாம். செம்பருத்தியைப் பனி விலகும் பிப்ரவரியில் லேசாக நறுக்கினால் கோடையில் கிளை பரப்பிப் பூக்கும். மல்லிகைக் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் கணக்கே இருக்கிறது: குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்திலும், ஜாதிமல்லியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டுவார்கள். ஹைதராபாதில் குளிர் சற்றுக் கூடுதல் என்பதால் குண்டுமல்லியைச் சில வாரம் தள்ளி வெட்டினாலும் தவறில்லை. மாசியில் வெட்டிவிட்டுப் பங்குனியில் பூவைத் தேடினால்தான் ஏமாற்றம். ரோஜாவுக்கு மழை ஓய்ந்த அக்டோபர் நல்லது. பெரியகுளம் தந்த பி.கே.எம்.1 முருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் மூன்றடி விட்டு வெட்டினால் மறுபடி தழைத்துக் காய்க்கும். கறிவேப்பிலையோ ஒடிக்க ஒடிக்கத்தான் துளிர்க்கும்.

முற்றிய கிளையில் பூக்கும் மா போன்றவற்றில் வசந்த காலத்தில் கை வைத்தால் பூவையும் பிஞ்சையும் சேர்த்துத்தான் இழக்க நேரும். மாமரத்தைப் பழம் பறித்தபின் ஜூன், ஜூலையில் தொட வேண்டும். காகிதப்பூ வறட்சியில் பூப்பது. பூத்துக் குலுங்கும் மார்ச்சில் அதை வெட்டாமல், பூ முடிந்தபின் வெட்டலாம். எலுமிச்சையில் காய்ந்த குச்சியும், ஒன்றோடொன்று உரசும் கிளையும் போனால் போதும்.

வெட்டும் கத்தரி கூராக இருக்கட்டும். நசுங்கிய காயம் ஆறாது. ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்முன் அலகை ஸ்பிரிட்டால் துடைப்பது நல்லது. கணுவுக்குச் சற்று மேலே, தண்ணீர் தேங்காதபடி சாய்வாக வெட்ட வேண்டும். கட்டைவிரலைவிடத் தடித்த கிளையானால் போர்டோ பசையோ வேறு தாமிர மருந்தோ பூச வேண்டும். நோய் பிடித்த இலைகளைச் செடியின் அடியிலேயே போட்டுவைப்பது, திருடனைத் திண்ணையில் படுக்க வைப்பது போல. வெட்டிய கையோடு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். இலை இல்லாத செடிக்குக் குடிக்கும் தாகம் குறைவு, வேர் அழுகும். துளிர் வந்தபின் ஊற்றலாம், உரமும் அப்போதுதான்.

ஏப்ரல் வெட்டு முடிந்த பந்தலில் சில நாள் எந்த அசைவும் தெரியாது. வெட்டிய சில நுனிகளில் நீர் சொட்டும். வேர் விழித்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டு வாரம் ஆவதற்குள் பழுப்புக் குச்சிகளின் கணுக்களில் வெல்வெட் போன்ற மொட்டுகள் உப்பி, வெளிர் சிவப்புத் துளிர் எட்டிப் பார்க்கும். வெளியே அக்கினி நட்சத்திரம் தொடங்கும்போது உள்ளே பந்தல் மறுபடி பச்சையாகிவிடும். பக்கத்து மனையில் கொடி இல்லாமல் நிற்கும் பழைய பந்தல் தூண்களில் மட்டும், வெட்ட ஆளும் இல்லை, துளிர்க்க ஒன்றும் இல்லை.